காமாலை எழுதாத வக்கீல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், நீதிமன்ற வளாகத்து அன்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் மகள்தான் என்னை எழுதச் சொன்னாள். "மாமா, நீங்கதான் எழுதணும். ஆனா ஓவரா புகழ்ந்துடாதீங்க, அம்மாவுக்குப் புடிக்காது" என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். நான் கணக்கு வாத்தியார். புகழ்ந்து எழுத எனக்கு வரவும் வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சிற்றூரின் காலனியில். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்தார்கள். எங்களுக்கென்று நிலம் கிடையாது. மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கும் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவும் நானும் கொல்லைக்குப் போய்க் காய் ஆய்வோம். அக்காவுக்குக் கைவேகம் அதிகம், வாய்வேகம் அதைவிட அதிகம். அளக்கிறவர் கொஞ்சம் அப்படி இப்படி அளந்தால் மறுபடி அளக்கச் சொல்வார். அம்மா பயந்துபோய் அக்காவின் வாயைப் பொத்துவார்.

அந்த நாட்களில் ஒருமுறை, நிலக்காரர் ஒருவரின் வழக்கில் அப்பா சாட்சி சொல்லப் போனார். எதிர்த்தரப்பு வக்கீல் அப்பாவை 'நீ', 'உனக்கென்ன தெரியும்' என்றே கேட்டாராம். பதற்றத்தில் அப்பா கிழக்கையும் மேற்கையும் மாற்றிச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். இனிமேல் யார் கூப்பிட்டாலும் கோர்ட்டுப் பக்கம் போகமாட்டேன் என்று மட்டும் வீட்டில் வந்து சொன்னார். அதனால்தான் அக்கா வக்கீலானார் என்று உறவில் சிலர் சொல்வதுண்டு. அப்படியெல்லாம் இல்லை. திண்டிவனத்தில் அக்கா தங்கிப் படித்த விடுதியின் சிஸ்டர் ஒருவர் சட்டக் கல்லூரி விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்தார். சென்னையில் இடம் கிடைத்தது, போனார். ஆனால் வக்கீலான பிறகு அக்கா எந்தச் சாட்சியையும் 'நீ' என்று கேட்டதில்லை. அது மட்டும் அப்பாவால் வந்தது.

படித்து முடித்ததும் திண்டிவனத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்தார். முதல் சில வருடங்கள் வாய்தா வாங்குவது ஒன்றுதான் வேலை. வக்கீல்கள் அறையில் நாற்காலி காலியாக இருந்தாலும் அக்கா வருவதைப் பார்த்ததும் அதன்மேல் பையை வைத்துவிடுகிறவர்கள் இருந்தார்கள். அக்கா நின்றுகொண்டே வழக்குக் கட்டைப் படிப்பார். நான் கேட்டதற்கு, "நின்னுக்கினு படிச்சா தூக்கம் வராதுடா" என்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அக்காவுக்கும் வந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

திருமணத்துக்குப் பிறகு குடித்தனம் விழுப்புரத்தில். காலையில் திண்டிவனம் போகும் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய கட்டுகளைப் புரட்டி முடித்துவிடுவார். தெரியாததைத் தெரியாது என்பார். தன் கட்சிக்குப் பாதகமான தீர்ப்பு ஏதாவது இருந்தால் அதையும் தானே எடுத்து வைத்து, இந்த வழக்குக்கு அது ஏன் பொருந்தாது என்று சொல்வார். பொய்க் காரணம் சொல்லி வாய்தா கேட்கமாட்டார். தயாராகவில்லை என்றால் தயாராகவில்லை என்பார், அதற்குத் திட்டும் வாங்குவார். இப்படியே வருடங்கள் ஓட, அக்கா எழுந்து ஒன்றைச் சொன்னால் நீதிபதிகள் மறுகேள்வி கேட்காமல் குறித்துக்கொள்ளும் நிலை வந்தது. பை வைத்து நாற்காலி பிடித்தவர்களே சட்ட சந்தேகம் கேட்க வந்தார்கள். அக்கா உட்காரச் சொல்லித்தான் பதில் சொல்வார்.

அதற்காக அக்காவை இளகின மனசுக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கட்சிக்காரர் பொய் சொன்னது தெரிந்தால் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுக்கும்போது காபி வாங்கிக் கொடுத்து, அடுத்து எந்த வக்கீலைப் பார்க்கலாம் என்றும் சொல்லி அனுப்புவார். வீட்டில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அக்காவின் கணவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மாமா, மார்க்கெட்டிலிருந்து முற்றிய வெண்டைக்காயோடு வந்தால், எந்தக் கடை, யார் பொறுக்கிப் போட்டது, நுனியை ஒடித்துப் பார்த்தீர்களா என்று குறுக்கு விசாரணை முழுதாக நடக்கும். மாமா உடனே குற்றத்தை ஒப்புக்கொண்டு பேப்பரை விரித்துக்கொள்வார்.

அக்கா எப்படிப்பட்டவர் என்று நான் கண்ணால் பார்த்தது கோதண்டத்தின் வழக்கில்தான். இதில் வரும் ஆறுமுகத்திடம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், என் பேரப் போட்டே எழுதுங்க" என்றார்.

ஆறுமுகம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நாற்பது வயதுக்குமேல் வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படித்து அக்காவிடம் ஜூனியராக வந்தார். வீட்டில் படிக்கிற வயதில் இரண்டு பெண்கள். இந்த வயதில் இது தேவையா என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். கோதண்டம் மரக்காணம் சாலையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். அவர் குடியிருக்கும் வீட்டின் மனை தன்னுடையது என்று பக்கத்து வீட்டுப் பங்காளி ஏழுமலை வழக்குப் போட்டிருந்தார். கோதண்டத்துக்கு அந்த வீட்டைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

வாய்தா அன்று அக்காவுக்கு விழுப்புரம் கோர்ட்டில் வேறு வழக்கு. திண்டிவனத்துக்கு ஆறுமுகத்தை அனுப்பினார். இடையில் அந்த வழக்கு முன்சீப் கோர்ட்டிலிருந்து, அதே வளாகத்தில் இருக்கும் கூடுதல் முன்சீப் கோர்ட்டுக்கு மாற்றலாகியிருந்தது. அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருந்தார்கள். அக்காவும் பார்க்கவில்லை, ஆறுமுகமும் பார்க்கவில்லை. ஆறுமுகம் பழைய ஹாலிலேயே காலை முழுக்க உட்கார்ந்திருந்தார். வழக்கைக் கூப்பிட்டால் தானே வந்து சொல்வதாகக் கோதண்டத்தை டீக்கடைக்கு வேறு அனுப்பிவிட்டார். பக்கத்து ஹாலில் கோதண்டத்தின் பெயரைக் கூப்பிட்டபோது அவரும் இல்லை, அவருக்காக வக்கீலும் இல்லை. ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆகிவிட்டது. அதை ரத்து செய்யாவிட்டால் ஏழுமலை சொல்வதை மட்டும் கேட்டு வீட்டை அவருக்கே கொடுத்துவிடுவார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அக்காவைப் பார்க்க அவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். உத்தரவை ரத்து செய்யக் கேட்கும் மனுவை ஆறுமுகமே தட்டச்சு செய்து எடுத்துவந்தார். இந்த மாதிரி மனுக்களில் ஒரு வழக்கம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆஜராகாதவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார் என்று எழுதுவார்கள். யார் எழுதினாலும் காமாலைதான். எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

அக்கா படித்துவிட்டு, குமாஸ்தாவை டீ வாங்க அனுப்பிக் கதவைச் சாத்தினார். நானும் எழுந்தேன். "நீ இரு" என்றார். பிறகு ஆறுமுகத்தைக் கேட்டார்.

"கோதண்டத்துக்கு எப்ப காமாலை வந்துச்சி?"

"வரல மேடம். எல்லாரும் அப்பிடித்தான போடுறாங்க."

"நாளைக்கு அவரு கூண்டுல ஏறி, ஆமா, கீழாநெல்லி சாப்ட்டுக்கினு படுத்திருந்தேன்னு சொல்லணும். அன்னிக்கு அவரு டீக்கடையில ஏழுமலைக்குப் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்திருக்காரு. இதுல பொய் சொல்லிட்டு, அப்பறம் வூடு என்னுதுன்னு சொன்னா யாரு நம்புவாங்க?"

ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா விடவில்லை. கேஸ் கூப்பிடவில்லை என்றால் பெஞ்ச் கிளார்க்கை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று கேட்டார். ஆறுமுகம் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எது கேக்கப் போனாலும், இன்னா கண்டக்டர், ஸ்டாப்பிங் தெரியலையான்னு சிரிக்கிறாங்க மேடம். அதான் கேக்காம ஒக்காந்துக்கினே இருந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நாம கேக்க வெக்கப்பட்டா அடுத்தவன் வூடு போவுது, ஆறுமுகம்."

குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. என் வகுப்பில் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆறுமுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அக்கா பார்க்காத மாதிரி வேறு ஏதோ கட்டை எடுத்துப் பிரித்தார்.

அந்த மனுவை அக்கா பயன்படுத்தவில்லை. தன் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் எழுதினார். வக்காலத்து என்னுடையது, வழக்கு மாற்றலானதைப் பார்க்காமல் ஆளை அனுப்பியது நான், கட்சிக்காரர் மேல் தவறில்லை என்பதுதான் அதன் சாரம். ஆறுமுகத்தின் பெயர் அதில் இல்லை. செய்தி பரவியதும் கூடப் பணியாற்றுகிறவர்கள் போன் செய்தார்கள். வக்கீலின் அலட்சியம் என்று மனு தள்ளுபடியாகலாம், கோதண்டத்தின் வீடும் போகும், உங்கள் பேரும் கெடும், பேசாமல் காமாலை என்று போட்டுவிடுங்கள் என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

"இத்தினி வருஷம் சேத்து வெச்ச பேரு இதுக்குக்கூட ஒதவலன்னா வேற எதுக்குடா?" என்றார். ஆனால் அந்த வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமா சொன்னார். பயம் இருந்திருக்கிறது.

மனு விசாரணைக்கு வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் எல்லோரும் பயந்தபடியே வாதாடினார். அலட்சியத்தை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அப்புறம் என்ன இருக்கிறது என்றார். அன்றைக்கு வந்தது யார் என்று நீதிபதி கேட்டார். ஆறுமுகம் எழப்போனாராம். அக்கா கையால் தடுத்துவிட்டு, "அனுப்புனது நான்தாங்க ஐயா. பாத்து அனுப்பியிருக்கணும், பாக்கல" என்றார். நீதிபதி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வளாகத்தில் காமாலை வராத ஒரே கட்சிக்காரர் இவர்தான் போலிருக்கிறது என்றார். ஹாலே சிரித்தது. எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கொடுக்கச் சொல்லி மனுவை அனுமதித்தார். அக்கா அந்தத் தொகையைத் தன் கையிலிருந்து கட்டினார்.

வெளியே வந்ததும் கோதண்டத்திடம், இனி இந்த வழக்கை ஆறுமுகம்தான் நடத்தப்போகிறார், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்.

"இவரா? இவரு பேச்சக் கேட்டுத்தானம்மா நான் டீக்கடையில நின்னுக்கினு இருந்தேன்."

"ஆமா. அந்தத் தப்ப இனிமே அவரு சாவற வரைக்கும் பண்ணமாட்டாரு. நான் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு இருப்பேன்."

கோதண்டம் அரைமனதோடுதான் சரி என்றார். அக்கா சொன்னபடி ஒவ்வொரு வாய்தாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார் என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். வக்கீல்கள் அறையில் ஒருவர் வழக்கம்போல 'கண்டக்டர்' என்று ஆரம்பித்தபோது, "அவரு பேரு ஆறுமுகம்" என்றாராம். அதற்குமேல் அக்கா எதுவும் சொல்லவில்லை. சொன்னது அக்கா என்பதால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

வழக்கு முடியும் தறுவாயில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. வலியை ரொம்ப நாள் மறைத்திருக்கிறார். ஊரையெல்லாம் உண்மை சொல்ல வைத்தவர் எங்களிடம் வாயுத் தொல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் சேர்த்தோம். அவர் மெலிந்துகொண்டே போனதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வார்டுக்கு வெளியே வந்து அழுதுவிட்டு உள்ளே போவேன்.

தீர்ப்பு வந்த அன்று ஆறுமுகம் கோட்டைக்கூடக் கழற்றாமல் திண்டிவனத்திலிருந்து நேராக வந்தார். ஏழுமலையின் வழக்கு தள்ளுபடி, வீடு கோதண்டத்துக்கே. அக்கா சிரித்தார். பேச முடியாமல் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுக் கேட்டார்.

"ஏழுமலை வந்திருந்தாரா?"

"வந்திருந்தாரு மேடம். கேட்டுட்டு, யார்கிட்டயும் பேசாம தனியா போய்ட்டாரு."

"கோதண்டத்த அவரு வூட்டுக்குப் போய்ப் பேசச் சொல்லுங்க. ஜெயிச்சவருதான் மொதல்ல போவணும். நாளைக்கும் ரெண்டு பேரும் அதே தெருவுலதான இருக்கணும்."

"அத நீங்க சொன்னாதான் மேடம் கேப்பாரு."

"அவரு வக்கீல் நீங்கதான. நீங்க சொல்லுங்க."

ஆறுமுகம் சொல்லியிருக்கிறார். கோதண்டம் போனபோது ஏழுமலை கதவைத் திறக்கவில்லையாம். மறுபடியும் போனாராம். அதற்கு அடுத்த வாரம் அக்கா எங்களைவிட்டுப் போய்விட்டார்.

அக்காவைக் கடைசிவரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்து ஜெபித்த பங்குத் தந்தைக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று பணிக்குப் போகாமல் வந்து அக்காவைச் சுமந்த திண்டிவனம், விழுப்புரம் வழக்கறிஞர்களுக்கும், அலுவலகத்தை ஒருநாளும் பூட்டாமல் நடத்திவரும் ஆறுமுகத்துக்கும் நன்றி. ஒரு சண்டையும் இல்லாமல் வெண்டைக்காய் வாங்கி வந்து, அதை நறுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் மாமாவுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு நகர்ந்த பிறகும் ஒருவர் மண்வெட்டியை வாங்கிக் குழி மூடும்வரை தள்ளிக்கொண்டிருந்தார். யார் என்று ஆறுமுகத்திடம் கேட்டேன். ஏழுமலை என்றார். வேலை முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு போய், வாசலில் காத்திருந்த கோதண்டத்தின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். அவருக்கும், அக்காவிடம் வழக்கில் தோற்றுப்போயும் அன்று வந்து நின்ற மற்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.