பூ கானிம் வீட்டுத் திங்கட்கிழமை

குவைத்தில் பூ கானிமுக்கு இருந்த ஒரே கர்வம், திங்கள்தோறும் ஆண்கள் கூடிப் பேசும் தன் வீட்டுத் திவானியாவின் கதவைத் திறந்து வைப்பது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட பிறகும் அந்தக் கூடத்தில் ஊர்ப் பேச்சு ஓயவில்லை. யாரும் வரலாம், ஏன் வந்தாய் என்று கேட்கும் வழக்கம் கிடையாது.

அந்த வசதியில்தான் உளவுத்துறை மிஷாலும் வாராவாரம் வந்தான். அவன் யாரென்றும், கேட்டதை மேலிடத்துக்கு எழுதிக் கொடுப்பவன் என்றும் எல்லோருக்கும் தெரியும். ஒரு வாய் காப்பி குடிப்பான். போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுப்பான். காதைத் தீட்டிக்கொண்டு மூலையில் உட்காருவான். உடனே பேச்சு மீன் விலைக்குத் தாவிவிடும்.

ஒரு திங்கட்கிழமை பூ கானிமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது திவானியாவா, மீன் மார்க்கெட்டா? ஏன்ப்பா மிஷால், நீயும் இந்த ஏரியாதானே? தெருவுல மழைத்தண்ணி குளமா நிக்குதே, நீ என்ன சொல்ற?"

மிஷால் திருதிருவென விழித்தான். பிறகு பொங்கிவிட்டான்.

"என்னத்தச் சொல்ல, பெரியப்பா! என் புதுக் கார் இன்ஜின் வரைக்கும் முங்கிப்போச்சு. வடிகால் போட்டோம்னு சொன்னானுங்களே, அந்தக் காச எவன் முழுங்கினான்னு இங்க யாராவது கேட்டீங்களா? மீனு மீனுன்னு உட்கார்ந்திருக்கீங்க!"

பூ கானிம்தான் முதலில் சிரித்தார்.

"அது சரி, இப்போ உன்னப் பத்தி யாருப்பா எழுதிக் குடுக்கிறது?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று, மிஷாலும் சிரித்தான். காப்பிக்காரர் எதிரில் வந்து நின்றபோது அவன் கோப்பையை ஆட்டவில்லை. நீட்டினான்.