மலைக்காட்டில் மூழ்கிய தோணி

எனக்கு வாயைவிடக் கை முந்தும். பெங்களூர் ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தபோது தண்ணீர் லாரி வரிசையில் ஒருவனுடைய சட்டையைக் கிழித்திருக்கிறேன். பஸ்ஸில் கண்டக்டரின் காலரைப் பிடித்திருக்கிறேன். அதையெல்லாம் வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் ஒரு மனிதரின் உதட்டைக் கிழித்த பிறகுதான் எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள் அவை. கப்பல்களுக்கான எச்சரிக்கைகளைக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றுவது எங்கள் வேலை. இங்கே கப்பல் மூழ்கிக் கிடக்கிறது, அங்கே விளக்கு எரியவில்லை, விலகிப் போ. கடலே இல்லாத பெங்களூரில் உட்கார்ந்து இதைச் செய்தோம். ஒருவர் தட்டெழுத வேண்டும். இன்னொருவர் தாளையும் திரையையும் எண் எண்ணாக ஒப்பிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தட்டியவர் சிவாஜிநகர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சரிபார்ப்பது நான். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணே என்பேன்.

ஒரு காலையில் சிங்கப்பூரிலிருந்து என் கூடப்பிறந்த தம்பி போன் செய்தான். சரக்குக் கப்பலில் வேலை அவனுக்கு.

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல கெளம்பறோம்ணா, மலாக்கா வழியா. கப்பல்ல உங்க ஆபீஸ் மேப்புதான்."

பெருமையில் அவன் போகும் வழியைத் திரையில் திறந்து, அந்தப் பகுதிக்கு வந்த தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கப்பல் பாதையிலேயே ஒரு சரக்குத் தோணி மூழ்கிக் கிடப்பதாகத் தாள் சொன்னது. திரையில் பாதை காலியாக இருந்தது. தேடினால், தோணி கரையைத் தாண்டி மலைக்காட்டுக்குள் கிடந்தது. இடத்தைக் குறிக்கும் எண்களில் ஒன்று மாறியிருந்தது.

எழுந்து போய், தட்டியவரை அறைந்தேன்.

"என் தம்பியக் கொல்லப் பாத்தியாடா?"

அவர் நாற்காலியோடு சாய்ந்தார். காலரைப் பிடித்துத் தூக்கி வாயில் குத்தினேன். கீபோர்டில் ரத்தம் தெறித்தது. இரண்டு பேர் என்னை இழுத்துச் சுவரோடு அழுத்தினார்கள். அப்போதும் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

"உடுங்க அவர," என்றார், வாயைப் பொத்தியபடி. "செக் பண்ணது யாருன்னு ஸ்லிப்ப எடுத்துப் பாருங்க."

கையெழுத்து என்னுடையது. திங்கட்கிழமைதோறும் அந்த வாரத்து வெற்றுச் சீட்டு முழுவதிலும் முன்கூட்டியே மொத்தமாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன். டீக்குப் போனால் யாரும் கூப்பிடக்கூடாது என்றுதான். அந்தத் தாளை அன்றுதான் முதல் முறை படித்திருந்தேன்.

அவர் முகம் கழுவக்கூடப் போகவில்லை. நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து சரியான எண்ணைத் தட்டினார். கப்பல் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. புதுச் சீட்டை என் பக்கம் தள்ளினார்.

"படிச்சிட்டுப் போடுங்க சார்."

ஒவ்வோர் எண்ணாக, சத்தமாக, மூன்று முறை படித்தேன். சீட்டில் அவர் ரத்தம் ஒரு சொட்டு விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கப்பல் கிளம்பும் முன்பே திருத்தம் போய்ச் சேர்ந்தது.

நாலு நாள் கழித்துத் தம்பி போன் செய்தான். "சௌக்கியமா வந்துட்டோம்ணா. உங்க மேப்பு சூப்பர்னாரு கேப்டன்."

"தட்டினவரு பக்கத்துலதான் இருக்காரு, அவர்கிட்ட சொல்லு," என்று ரிசீவரை நீட்டினேன்.

உதட்டில் தையலோடு இருந்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேலை இருக்கு சார்," என்றார்.