உள்ளறையில் லிகித ஜபம்

1984 ஜூலை 12, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து பால் வாங்கினேன். சவரம், குளியல், செய்தித்தாள். எட்டு மணிக்குக் குடையும் டிபன் டப்பாவுமாக பம்பாய் மாட்டுங்கா ஸ்டேஷன் போனால் தண்டவாளத்தில் முழங்கால் தண்ணீர். ரயில் இல்லை. வீட்டுக்குத் திரும்பி, ஷூவைக் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் உள்ளறையில் அப்போது ஓர் அமெரிக்க நாவலாசிரியை தங்கியிருந்தார். அமெரிக்காவில் என் தம்பிக்குப் பாடம் நடத்தியவர். நான்காவது நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. சனிக்கிழமை விமானம். ஊருக்குப் போனால் கல்லூரி வேலை விழுங்கிவிடும், இங்கே முடிக்காவிட்டால் முடியவே முடியாது என்று முந்தின நாள் என் மனைவியிடம் கிட்டத்தட்ட அழுதிருந்தார். காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு டைப் அடிப்பது அவர் வழக்கம்.

எங்கள் கட்டிடத்தில் பகலில் கதவைச் சாத்தினால் ஒன்று உடம்பு சரியில்லை, அல்லது சண்டை. அன்று மழையால் எல்லோரும் வீட்டில் வேறு இருந்தார்கள். மேல்மாடி மாமி அடையோடு வந்து உள்ளறைக் கதவைத் தட்டினார். சற்றுக் கழித்து ரசத்தோடு வந்தார். மூன்றாம் தடவை, பாவம் தனியாக இருக்கிறாளே என்று, துணைக்கு உட்காரவே ஸ்வெட்டர் பின்னலோடு வந்துவிட்டார். நாவலாசிரியை ஒவ்வொரு தடவையும் எழுந்து கைகூப்பினார். மூன்றாம் தடவை அவர் முகம் போன போக்கைப் பார்த்த என் மனைவி, மாமியைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள்.

"லிகித ஜபம் பண்றா, மாமி. நடுவுல எழுந்தா மொதல்லேந்து ஆரம்பிக்கணும்."

மாமி காது கொடுத்துக் கேட்டார். "மெஷின் சத்தமான்னா கேக்கறது?"

"அமெரிக்காவாச்சே. கையாலயா எழுதுவா?"

மாமிக்கு அது நியாயமாகப் பட்டது. ராம நாமத்தை லட்சம் தடவை எழுத உட்கார்ந்தவரைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் கட்டிடத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். ரேடியோக்கள் அடங்கின. மாடிப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். நான் தும்மியதற்கு மாமி என்னை முறைத்தார்.

நாலு மணிக்கு டைப் சத்தம் நின்றது. நாவலாசிரியை கதவைத் திறந்தபோது கூடத்தில் ஏழெட்டுப் பேர் தேங்காய், பூவோடு நின்றார்கள். மாமியின் கணவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பூஜையில் வைக்க ஒரு தாள் கிடைக்குமா என்று என்னைக் கேட்கச் சொன்னார். ஒரு தாள் வேண்டுமாம் என்று மட்டும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நாவலாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. தான் எழுதி முடிப்பதற்காக இதுவரை யாரும் வாசலில் காத்திருந்ததில்லை என்றார். கடைசிப் பக்கத்தின் கார்பன் பிரதியை மடித்துக் கொடுத்தார். மாமா பிரிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டு மாடி ஏறினார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மாமா வந்து நின்றார். கையில் அந்தத் தாள், நாலு மூலையிலும் குங்குமம். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். திட்டு வாங்கத் தயாரானேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இதுல வர்ற பொண்ணு ஆம்படையான் பெட்டியத் தூக்கி வாசல்ல, பனியில வச்சுட்டாளே. அவன் அப்படி என்னதான் பண்ணினான்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்போ முன்னாடித் தாளெல்லாம் வாங்கிக் குடும். மாமிக்குத் தெரிய வேண்டாம்."

பல் தேய்ப்பதற்கும் முன்னால், உள்ளறைக் கதவைத் தட்டினேன்.