செவலைக் குட்டிக்கு உத்தரவு கேட்கப் போனது

ரிட்டயர் ஆக நான்கு மாதம் இருக்கும்போது நான் குதிரைக் குட்டி வாங்கினேன். முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவன். வேலை விட்டதும் சும்மா உட்கார்ந்தால் நோய்தான் வரும் என்று டெப்போவில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். ஒருவர் பால்மாடு வாங்கச் சொன்னார். ஒருவர் பெட்டிக்கடை வைக்கச் சொன்னார். என் கண் மட்டும் திருமயத்துப் பக்கம் ரோட்டோரம் ஒரு வீட்டு வாசலிலேயே இருந்தது. அங்கே வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வளர்க்கிறார்கள். நான் பஸ்ஸில் போகும்போது ஆரன் அடித்தால் மற்ற குதிரைகள் மிரளும். ஒன்றரை வயதுச் செவலைக் குட்டி ஒன்று மட்டும் தலையைத் தூக்கி, யாரடா நீ என்பதுபோல் என்னைப் பார்க்கும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தப்பு.

“என்னங்க இது?” என்றாள் என் மனைவி.

“குதிரை.”

“அது எனக்கும் தெரியுது. யாரு வீட்டுக் குதிரை?”

“நம்ம வீட்டுதுதான்.”

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “முப்பத்திரண்டு வருஷமா நீங்க ட்யூட்டி முடிஞ்சு எப்ப வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரிட்டயர் ஆனதும் ராமேஸ்வரம் போவோம், காசிக்குப் போவோம்னு சொன்னீங்க. இதக் கட்டி வச்சிட்டு இனிமே எங்கிட்டுப் போறது?”

குட்டி கொடியில் காய்ந்த அவள் சேலை முந்தானையை மென்றுகொண்டிருந்தது.

மூன்று நாள் என் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள். நான்காம் நாள் அவளே சொன்னாள்: “ஐயனாருகிட்டப் பூப் போட்டுப் பாப்போம். வெள்ளை வந்தா இருக்கட்டும். செவப்பு வந்தா வாங்கின எடத்துலயே கொண்டுபோய் விட்டுருங்க.”

நான் சம்மதித்தேன். எங்கள் வீட்டில் கிணறு வெட்டியது, பெண்ணைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அப்படித்தான். இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்போம். பூசாரி கும்பிட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார். வந்த பூதான் உத்தரவு. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை குட்டியையும் கூட்டிப் போனேன். நேரில் பார்த்தால் ஐயனாருக்கு மனசு இளகும் என்று ஒரு நினைப்பு. அவரும் குதிரைக்காரர்தானே. கோயில் வழியில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளில் முதலாவதைப் பார்த்துக் குட்டி கனைத்தது. பதில் இல்லை. அடுத்ததிடம் போய்க் கனைத்தது. என் மனைவிக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள்.

பூசாரி நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் பூவரச இலையில் மடித்துப் பீடத்தில் வைத்தார். “ரெண்டு பேரும் கண்ண மூடி மனசார வேண்டிக்கங்க” என்று சொல்லிவிட்டுத் தானும் மூடிக்கொண்டார். ஐயனாரே, வெள்ளையாக வரட்டும், அவளையும் ராமேஸ்வரம் கூட்டிப் போகிறேன் என்று உருகி வேண்டினேன். உருகியதில் கையிலிருந்த கயிறு தளர்ந்தது எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் மெல்லும் சத்தம் கேட்டது.

பீடத்தில் ஒரு பொட்டலம்தான் இருந்தது.

“அய்யய்யோ, அரளியா இருந்தா?” என்று என் மனைவி பாய்ந்து, குட்டியின் தாடையைப் பிடித்து வாய்க்குள் கையை விட்டாள்.

“கடிச்சிரும்!” என்று கத்தினேன்.

“கடிச்சா கடிக்கட்டும். அரளி உள்ள போனா இது பிழைக்குமா?”

எச்சில் ஒழுக வெளியே வந்த இலையில் சிவப்புப் பூ. எண்ணினாள். “எத்தனை வச்சீங்க?”

“அஞ்சு” என்றார் பூசாரி.

“நாலுதான் இருக்கு.” மறுபடியும் கையை விட்டாள். கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்திலிருந்து ஐந்தாவதும் வந்தது.

பூசாரி தொண்டையைச் செருமினார். “அப்ப, செவப்பு வந்திருக்கு.”

நான் தலை குனிந்தேன். சாமி சொன்னால் சொன்னதுதான். வேனுக்கு யாரைக் கூப்பிடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

“அது எப்பிடிண்ணே?” என்றாள் அவள். “பூ எடுக்க வேண்டியது நீங்க. பச்சப்புள்ள பசியில வாயில போட்டதெல்லாம் உத்தரவா?”

“அப்ப பூவ மறுபடி மடிச்சு வைக்கட்டுமா?” என்றார் பூசாரி.

“மறுபடி அரளியா? ஒண்ணும் வேணாம்.”

“இந்தா, சாமி குத்தம் ஆயிறப் போகுது” என்றேன் நான்.

“செவப்ப உள்ள விடாம என் கையில எடுக்க வச்சது யாரு? அவருதான? இது வேணாம்னு நெனச்சிருந்தா அஞ்சாவது பூவ எதுக்குக் காட்டிக் குடுத்தாரு?”

பூசாரி என்னைப் பார்த்தார். நான் ஐயனாரைப் பார்த்தேன். ஐயனார் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு மாட்டு டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை, சாயங்காலம்வரை கவனியுங்கள் என்றார். அவள் குட்டி பக்கத்திலிருந்து சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மெதுவாக, “அப்ப ராமேஸ்வரம்?” என்று கேட்டேன்.

“ரிட்டயர் ஆன மறுவாரமே போறோம். குட்டிய வித்தவர மூணு நாளு வந்து இருக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, கொல்லையில நிக்கிற அரளிய இன்னைக்கே வெட்டுங்க.”

“வெள்ளிக்கிழமை சாமிக்குப் பூ?”

“செம்பருத்தி வைப்போம். சாமி ஏன்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

நான் அரிவாளைத் தேடிக்கொண்டு போனேன்.