வெள்ளத்தில் வந்த பலாக்காய்

எனக்கு நீச்சல் தெரியும் என்பதைப் பற்றிக் கல்யாணப் பேச்சின்போது எங்கள் வீட்டார் மூச்சு விடவில்லை. பெண்பிள்ளைக்கு அது ஒரு குறை என்று நினைத்தார்கள் போல. நான் பதுளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஆற்றோரம் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள். துணி துவைக்கப் போகிற சாக்கில் பையன்களோடு போட்டி போட்டு நீந்திப் பழகினேன். வாக்கப்பட்டது மடுல்சீமைப் பக்கம். அங்கே ஆம்பிளைகளுக்கே நீந்தத் தெரியாது. முழங்கால் தண்ணீரைக் கண்டாலே சாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குவார்கள். என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டம்தான். விஷயம் தெரிந்த அன்று, "நீ பொம்பளையா, தவளையா?" என்று கேட்டார்.

"தவளையத்தான் கட்டியிருக்கீங்க. இப்ப என்னா செய்யப் போறீங்க?" என்றேன். சிரித்துவிட்டார்.

அப்புறம் எழுபதுகளில் அந்தப் பஞ்சம் வந்தது. தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள்தான் வேலை. கூப்பனுக்குக் கொடுக்கிற கோதுமை மாவையும் குறைத்துவிட்டார்கள். பாண் வாங்கப் பசறை டவுன் பேக்கரிக்குப் போனவர்கள் அரை நாள் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தார்கள். மரவள்ளிக்கிழங்கு தீர்ந்தது, லயத்தைச் சுற்றியிருந்த கீரையும் தீர்ந்தது. எனக்கோ மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. பால் வற்றிப்போய்விட்டது. சீனி இல்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் கரண்டியால் ஊற்றினால் துப்பினாள். முதலில் பசித்தால் வீறிட்டு அழுவாள். பிறகு முனகினாள். அந்த வாரம் முனகலும் நின்று, கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தபடி கிடந்தாள். "கத்தித் தொலையேண்டி!" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். பெற்றவள் செய்கிற காரியமா அது? செய்தேன்.

அது மார்கழி அடைமழைக் காலம். எங்கள் லயத்துக்குக் கீழே மானாப்புல் வளர்ந்த பெரிய பள்ளம் ஒன்று உண்டு. ஆறு கரையை உடைத்துக்கொண்டு அந்தப் பள்ளம் முழுக்கப் பரவிவிட்டது. மேலே கிராமத்துத் தோட்டங்களில் மண் சரிந்து மரங்கள் சாய, பலாக்காய், பூசணி, தேங்காய் என்று மிதந்து வந்தன. தின்கிற சாமான் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, லயத்துச் சனமெல்லாம் கரையில் நின்று "ஐயோ, ஐயோ" என்கிறது.

வேலை இல்லாததால் கொழுந்துக் கூடைகள் வீட்டுக்கு வீடு சும்மா தொங்கின. கூடையைத் தலையில் மாட்டுகிற கயிறுகளை அவிழ்த்து வாங்கி, ஒன்றோடொன்று முடிந்து நீளமாக்கினேன். ஒரு முனை என் இடுப்பில், சுண்டினால் அவிழ்கிற முடிச்சாக. மறுமுனை அவர் கையில்.

"கையில கட்டாதீங்க, சுத்தாதீங்க. கயிறு எங்கயாச்சும் சிக்குச்சினா ஒடனே வுட்டுருங்க. இழுத்துப் புடிச்சீங்கனா வெள்ளம் என்னைய அமுக்கிரும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

முதல் நாள் நான் சொன்னபடிதான் அவர் செய்தார். நான் இரண்டு தேங்காயைப் பிடித்தேன். ஆனால் அவருடைய ஈரக் கையிலிருந்து கயிறு நழுவி, என்னை வெள்ளம் வெகு தூரம் கொண்டுபோனது. தண்ணீருக்குள் மறைந்து கிடந்த முள்கம்பி வேலி காலைக் கிழித்துவிட்டது. ஆற்றின் கீழ்த்திருப்பத்தில் நான் கரையேறியபோது அவர் ஓடிவந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அதனால்தான் மறுநாள் எனக்குத் தெரியாமல் கயிற்றைத் தன் வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். பாழாய்ப்போன பாசம்.

அன்று அந்தப் பலாக்காய் வந்தது. என் மகளைவிடப் பெரியது. நான் குறுக்கே சாய்வாக நீந்திப் போய் அதை மடக்கினேன். தண்ணீர் பச்சை ஐஸ். அடியில் மானாப்புல் காலைச் சுற்றியது. மிதந்து வந்த கட்டையில் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, இரண்டு பேருக்கும் வேறு வேலை இருந்தது. காயை இடது கையால் மார்போடு அணைத்தேன். முள் குத்தியது. அப்போது நடு வெள்ளம் என்னையும் காயையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தது. கயிறு விண்ணென்று இறுகியது. அடுத்த நொடி தளர்ந்துவிட்டது.

திரும்பினேன். கரையில் அவர் இல்லை. தண்ணீரில் இருந்தார்.

தலை மேலே வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. வாய் நிறையத் தண்ணீர். கண் மட்டும் என்மேல் இருந்தது. கயிறு திரும்ப இறுகி, அவருடைய கனம் என்னை அமுக்கத் தொடங்கியது. நான் செய்யவேண்டியது என்னவென்று எந்தக் குழந்தையும் சொல்லும். காயை விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்து அவரிடம் போயிருக்கவேண்டும்.

நான் காயை விடவில்லை. என் வலது கை கயிற்றைப் பிடிக்கவும் போகவில்லை. நேரே என் இடுப்பு முடிச்சுக்குப் போய் அதைச் சுண்டியது. கயிறு என்னைவிட்டு உருவிக்கொண்டு போனது, அவரோடு.

வெள்ளத்தில் அதுதான் சரி, இருவரும் சேர்ந்து செத்திருப்போம் என்று பின்னால் எத்தனையோ பேர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். போங்கடா! எனக்குத் தெரியாதா, அந்த நேரம் என் மனசில் என்ன இருந்தது என்று? அவர் அங்கே இல்லவே இல்லை. கண்ணை மட்டும் திறந்து கிடந்த குழந்தை இருந்தது, என் கையில் காய் இருந்தது.

சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் கிளைகளில் வெள்ளம் அவரைக் கொண்டுபோய்ச் செருகியது. ஆட்கள் மூங்கில் நீட்டி இழுத்துப் போட்டார்கள். நான் அதற்கும் கீழே, காயோடு கரையேறினேன்.

பொழுது சாயுமுன் காயை வெட்டினேன். கயிறு கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு துண்டு போனது. மிச்சத்தை உப்புப் போட்டு அவித்து, அகப்பையால் கூழாக மசித்தேன். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் கயிறு சதையை வளையமாக அறுத்திருந்தது. விரல்கள் வீங்கி மடங்கவில்லை.

"காய நீ வுடல" என்றார்.

"இல்ல."

"பாத்தேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்கமாட்டாரா என்று ஏங்கினேன்.

"நாளைக்கும் தண்ணி எறங்காது புள்ள" என்றார். "மறுபடியும் அப்பிடி ஆச்சுனா, அப்பவும் காய வுட்டுறாத."

"வாய மூடுங்க!" என்று கத்தி, கையிலிருந்த அகப்பையை அவர்மேல் வீசினேன். தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் இடக்கையால் அதைப் பொறுக்கி எடுத்து, ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக் குழந்தையின் வாயில் வைத்தார்.