நான் அழித்த அறிவித்தல்

நீல நிற மெழுகுத் தாள் அது. கூர்முனைப் பேனையால் எழுதினால் எழுத்து விழும் இடத்தில் மெழுகு விலகும். பிறகு அதை ரோனியோ மெசினில் சுற்றிக் கைபிடியைச் சுழற்றினால் வேண்டிய அளவு பிரதி எடுக்கலாம். எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமும் தமிழ்த் தட்டச்சு மெசின் இருக்கவில்லை. என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று யாரோ புகழ்ந்துவிட்டதால் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாதச் செய்திமடலை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அப்படி ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான் எழுதிய எட்டு வரிகளை நானே சிவப்புப் பூச்சுப் பூசி அழித்தேன். எழுத்துப் பிழையை மறைக்க வைத்திருந்த, நகப்பூச்சுப் போல மணக்கும் பூச்சு அது. அந்த எட்டு வரியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இன்றைக்கும் அந்த மணம் எங்காவது வந்தால் எழுந்து போய்விடுவேன்.

அழிக்கச் சொன்னவர் சங்கத்தின் செயலாளர். பொறியியலாளர், எங்களுக்கெல்லாம் முன்னரே வந்து மெரிலேண்ட்ஸில் வீடு வாங்கியவர். சனிக்கிழமையும் வீட்டுக்குள் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு இருப்பார். அவர் வாயில் ‘நான்’ என்ற சொல் அபூர்வம், எல்லாம் ‘நாங்கள்’தான். நாங்கள் படித்த சமூகம், நாங்கள் கை நீட்டாத சமூகம். அந்த ‘நாங்கள்’ அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தின் பாதியை நிரப்பக் காணாது, ஆனாலும் அவர் ஒரு தேசத்தைக் கட்டிக் காக்கிறவர் மாதிரித்தான் பேசுவார். நான் அவருடைய சாப்பாட்டு மேசையில் இருந்து எழுத, அவர் பின்னால் நின்று வாசிப்பார். மனைவி தேநீரை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். மூத்தது ஒரு பெண், இளையது ஒரு மகன். பெண் வந்து போவாள். மகனை மட்டும் நான் அந்த வீட்டில் கண்டதே இல்லை. அவன் வெட்கப்படுகிறவன் என்று தாய் ஒருமுறை சொன்னார், நானும் நம்பினேன்.

செய்திமடல் என்று பெயர்தான். அதில் செய்தியைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னாரின் மகன் மருத்துவப் படிப்புக்கு எடுபட்டமைக்கு வாழ்த்து, இன்னார் பதவி உயர்ந்தமைக்குப் பாராட்டு, பொங்கல் விழாவில் வடை சுட்டவர்களுக்கு நன்றி, செயலாளரின் உரை ஒரு பக்கம். பஸ் எங்கே எடுப்பது, பிள்ளைக்கு எங்கே ஊசி போடுவது, இங்கிலீஷ் தெரியாதவர் யாரிடம் போய்க் கேட்பது என்று புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு உதவக்கூடிய ஒரு வரியும் அதில் இராது. தவிட்டைத் தின்றாலும் மீசையில் நெய் தடவிக்கொண்டு நிற்கிற ஆட்கள் நாங்கள்.

அந்த மாதம் எங்கள் நகரசபையிலிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. உங்கள் மொழியில் செய்திமடல் வெளியிடுவதாக அறிகிறோம், கீழே உள்ளதை மொழிபெயர்த்துப் போடுவீர்களா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். நூலகத்துக்குப் பின்னால் உள்ள குழந்தைகள் சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் சிறு பிள்ளைகளுக்கு இலவசமாகக் காது பரிசோதிப்பார்கள். டொக்டரின் கடிதம் தேவையில்லை. இங்கிலீஷ் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டி வரலாம். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள், பிந்தினால் பேச்சு வருவது கடினம். இவ்வளவுதான். நான் அதைத் தமிழாக்கி, முதல் பக்கத்தின் அடியில் எட்டு வரியில் அழகாக எழுதியிருந்தேன்.

செயலாளர் வாசித்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றார். பேச்சு வராத பிள்ளை என்ற வரியில் அவருடைய விரல் சற்று நேரம் இருந்தது.

“இது வேண்டாம், பிள்ளை” என்றார் என்னிடம். “எங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒரு குறையும் இல்லை. இதைப் போட்டால் வெள்ளைக்காரன் எங்களை என்னெண்டு நினைப்பான்?”

தமிழில் எழுதுவதை வெள்ளைக்காரன் எப்படி அண்ணை வாசிப்பான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது கலியாணம் முடித்து வந்த புதிது, என் கணவருக்கு வேலை எடுக்க அவர்தான் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர். பூச்சுப் போத்தலைத் திறந்தேன். காயும்வரை ஊதினேன். அந்த இடத்தில், ஓர் அங்கத்தவர் நீச்சல் தடாகம் உள்ள புது வீட்டில் குடிபுகுந்ததற்கான வாழ்த்தை எழுதினேன். அதுவும் எட்டு வரி, கணக்காகப் பொருந்தியது.

இதை ஒரு சின்ன விஷயம் என்று விட்டிருப்பேன். விடமுடியாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த அக்கா. யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கத்தவர். கணவர் ரயில்வேயில் வேலை, அக்கா பிஸ்கட் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அவர்களுக்கு ஒரேயொரு பெண் குழந்தை. ஊரிலிருந்து வரும்போதே அவளுக்கு இரண்டரை வயது; மூன்று முடிந்தும் அம்மா என்ற சொல் வரவில்லை. தகப்பனும் பிந்தித்தான் கதைத்தவராம், மச்சாள் பிள்ளையும் அப்படியாம் என்று அக்கா தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது குசினியில் சட்டி மூடி விழுந்து நாங்கள் இருவரும் துள்ளினோம். நிலத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை நிமிரவே இல்லை. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சீனி விலை பற்றிக் கதைத்தோம்.

அழித்ததுதான் அழித்தாய், வீதியைக் கடந்து போய் வாயால் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் ஆட்களிடையே ஒரு தாயின் முகத்தைப் பார்த்து உன் பிள்ளைக்குக் காது கேட்கவில்லைப் போல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சொன்னவளின் நாக்கு கரிநாக்கு, அவளுக்குப் பொறாமை, அவள் கண்தான் பட்டது என்று ஆகிவிடும். பிள்ளை இல்லாதவள் சொன்னால் அதைவிட மோசம். எனக்கு அப்போது பிள்ளை இல்லை. அதற்காகத்தான் அறிவித்தல் என்ற ஒன்று இருக்கிறது. தாளில் வந்தால் அது எவருக்கும் சொன்னதல்ல, எல்லோருக்கும் சொன்னது. செய்திமடலைக் கொண்டுபோய்க் கொடுத்து, “முதல் பக்கத்தைப் பார்த்தனீங்களோ அக்கா?” என்று கேட்டுவிட்டு வந்திருந்தால் போதும். அக்கா தானாகவே கண்டுபிடித்ததாக இருந்திருக்கும். நான் எழுதும்போது மனதில் இருந்தது அவருடைய பிள்ளைதான். அழிக்கும்போதும் அவளேதான்.

ஏறத்தாழ இரண்டு வருடம் போனது. அவ்வளவு காலமும் மாதாமாதம் செய்திமடலை அக்கா வீட்டுக் கதவுக்குள் நானே போட்டேன். அக்கா அதை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். நீச்சல் தடாக வீட்டுக்காரரை அவருக்குத் தெரியாது, ஆனாலும் தடாகத்தின் நீளம் தெரியும்.

பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்கிய இரண்டாவது கிழமை ஆசிரியை கொடுத்த கடிதத்தை அக்கா என்னிடம் வாசிக்கக் கொண்டு வந்தார். உடனே காது பரிசோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இடமும் கிழமையும் போட்டிருந்தார்கள். நூலகத்துக்குப் பின்னால், செவ்வாய்க்கிழமை காலை. நான் வேலைக்கு லீவு போட்டு, மொழிபெயர்க்கக் கூடப் போனேன்.

நாங்கள் சுவரோரம் போட்டிருந்த நீள வாங்கில் அமர்ந்து கொஞ்ச நேரத்தில் உள்ளறைக் கதவு திறந்தது. செயலாளர் வெளியே வந்தார். ரை கட்டியிருந்தார். அவருடைய கையைப் பிடித்தபடி, அவரை உரித்து வைத்தது போல ஒரு பையன்; நான் ஒருநாளும் கண்டிராத அவருடைய மகன். அந்தப் பையனின் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி வார் போட்டுக் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி காதுக்குப் போனது. தாதி பின்னாலேயே வந்து, வழக்கம்போல அடுத்த மாதமும் இதே நேரம்தானே என்று கேட்டார். வழக்கம்போல. செயலாளர் என்னைக் கண்டார். குனிந்து பையனின் மேற்சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். கம்பியைக் கொலருக்குள் தள்ளினார். பிறகு நிமிர்ந்து, பஸ் தரிப்பில் சந்தித்தவர் போல இங்கிலீஷில் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த அக்கா மரியாதையாக எழுந்து நின்றார். அவருக்குச் செயலாளரின் முகம் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றவர், குறைக்கு எங்கே போகலாம் என்பதை எங்கள் எல்லோருக்கும் முன்னரே அறிந்திருந்தார். அந்த வாங்கில் இன்னொரு தமிழ் முகம் வந்து இருந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வாங்கையே எங்களிடமிருந்து மறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர் அதை மறைத்தது மற்றவர்களின் சோற்றில்.

தாதி வயதான பெண்மணி, அன்பானவர்தான். பிள்ளைக்கு அதிகம் கேட்காது, ஆனால் கொஞ்சம் கேட்கும் என்றார். மூன்று வயதில் கொண்டு வந்திருந்தால் பேச்சைப் பிடித்திருக்கலாம், அந்த வயது போய்விட்டது, இனிக் கையால் பேசவும் பழக்குவது நல்லது என்றார். இதை நான் தமிழில் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். அக்கா அழவில்லை. கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினார்.

“இப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு ஒருதரும் சொல்லேல்லையே” என்றார். “நீர்தானே தங்கச்சி எல்லாம் எழுதுறனீர். உமக்கும் தெரியாதே?”

“தெரியாது அக்கா” என்றேன்.

அந்தக் கிழமையே செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் இல்லாத நேரம் பார்த்து வந்து, முன்னறைக் கதிரையின் நுனியில் இருந்தார். கண்டதை ஒருவரிடமும் சொல்லிவிடாதே என்று கேட்க வந்திருக்கிறார். மூத்தவளுக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேண்டும், தம்பி செவிடு என்று தெரிந்தால் யார் செய்வார்கள் என்று சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. அந்த மூத்தவளுக்கு அப்போது பதினொரு வயது. ஒரு தகப்பன் கண் கலங்கி நிற்கும்போது இரக்கம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இனிப் பேச்சு வராதாம் அண்ணை, அந்த எட்டு வரியைப் போட்டிருந்தால் வந்திருக்கும் என்றேன். அவர் கதிரையை விட்டு எழுந்தார்.

“எழுதினதும் நீர்தான், அழிச்சதும் நீர்தான்” என்றார் பிறகு. “நான் உம்மட கையைப் பிடிச்சனானோ?”

மெதுவாகத்தான் சொன்னார். அவரைப் பற்றி எவ்வளவு அருவருப்பாக நினைத்தாலும் அந்த ஒரு கேள்வியை இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம், மணிக்கட்டு நோகிறது என்று சாட்டுச் சொல்லிச் செய்திமடல் எழுதுவதை நிறுத்தினேன். அதைக்கூட அவர் முகத்துக்கு நேரே காரணம் சொல்லி நிறுத்தவில்லை.

போன வருடம் அவர் இறந்தார். டூங்கபியில் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். கணினி வந்து, கைபேசி வந்து, சங்கத்துச் செய்திகள் எல்லாம் இப்போது குழுமத்தில் வந்து விழுகின்றன. அன்று காலையும் இரண்டு பட்டமளிப்பு வாழ்த்துகளுக்கு நடுவில்தான் அவருடைய மரண அறிவித்தல் கிடந்தது. மேடையில் ஏறிய ஒருவர், தகவல் கிடைக்காத காலத்தில் தகவல் தந்த பெருமகன் என்றார். சனங்கள் கை தட்டினார்கள். மகனைச் சபையில் தேடிப் பார்த்தேன். பின் வரிசையில் தனியாக இருந்தான். தலைமயிர் நரைத்திருந்தது. அவனைப் பற்றி மேடையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்து வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன், ஆனால் இறுதிவரை இருந்தேன்.

முடிந்து வெளியே வரும்போது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். எண்பது தாண்டிவிட்டது, மகளின் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறார். மகளுக்கு ஐம்பதுக்கு மேல். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து இப்போது நிறுத்திவிட்டாள், தாயோடேயே இருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஓர் இளம் சோடியை அக்கா கூப்பிட்டு, என்னைக் காட்டினார். என் பிள்ளையை முதன்முதலில் காது பார்க்கக் கூட்டிப்போனவ இவதான், வேலைக்கு லீவு போட்டு வந்தவ என்றார். அந்தப் பிள்ளைகள் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள்.

“அவரும் இவவும்தான் அந்த நாளில எங்களுக்கு எல்லாம் அறிவிச்சவை” என்றார் அக்கா. பிறகு என் கையைப் பிடித்து, “என்ன தங்கச்சி?” என்றார்.

மகள் தாயின் முகத்தை விட்டு என் பக்கம் திரும்பி, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம் அக்கா” என்றேன்.