ஷட்டர் இறங்கும் முன் பேச வேண்டியது

அக்குறணைக் கடைத்தெருவில் முதல் ஐந்து கடைகளிலும் என்னைத் துரத்திவிட்டார்கள். காரணம், நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சுத்தான். "முதலாளி, உங்க ஷட்டர் பூட்ட ரெண்டு நிமிசத்துல கழட்டிறலாம். நான் சரி பண்ணித் தர்றேன்" என்று ஆரம்பிப்பேன். பயம் காட்டினால் வேலை கிடைக்கும் என்பது என் எண்ணம். ஐந்தாவது கடைக்காரர் பேனையைக் கீழே வைத்தார். "ரெண்டு நிமிஷம் எண்டு ஒனக்கு எப்பிடித் தெரியும்? கழட்டிப் பாத்தீக்கியா?" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருவர் போனில் என்னைப் படம் எடுத்தார்.

நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கொழுந்து மூட்டை, கண்டியில் ஹோட்டல் மேசை, மீன் லொறி என்று எங்கும் ஒரு வருடம் தரித்ததில்லை. கடைசியாகக் கொழும்பில் கடைகளுக்கு ஷட்டர் பொருத்தும் ஒருவரிடம் இருந்தேன். அங்கும் மனம் நிற்கவில்லை, தொழில் மட்டும் கைக்கு வந்தது. அக்குறணையில் பெருமழை பெய்தால் வெள்ளம் கடைக்குள் வரும். வடிந்த பிறகு, ஷட்டர் ஓடும் இரும்புச் சாலில் சேறு இறுகிப்போகும். அந்த ஒரு தெருவில் எனக்கு வருடக்கணக்கில் வேலை இருந்தது. ஆனால் ஒரு முதலாளியாவது முதலில் கை வைக்க விட வேண்டும். அவர் விட்டால் தெருவே விடும். விடாவிட்டால் மறுபடியும் மீன் லொறி.

அடுத்த வெள்ளிக்கிழமை நடுப்பகல் போனேன். ஜும்மாத் தொழுகைக்காக எல்லாக் கடைகளையும் ஒரே நேரத்தில் சாத்துவார்கள். தெருவோரம் நின்று, எந்த ஷட்டர் அதிகமாக அலறுகிறது என்று கேட்டேன். ஒரு துணிக்கடையில் முதலாளியும் வேலையாளும் தொங்கியும் ஷட்டர் பாதியில் நின்றது. ஓடிப்போனேன். பூட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஹாஜியார், சாலுல சேறு. சுரண்டி கிறீஸ் போட்டா ஒரு கையால எறக்கலாம். புடிக்காட்டி ஒண்ணும் தர வேணாம்."

அவ்வளவுதான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள், அதற்கு மேல் பேச நேரமில்லை. வெள்ளைத் தொப்பி போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க முதலாளி என் பையைப் பார்த்தார்.

"ஊர் எது?"

"தெல்தோட்டைங்க."

"அங்க ஆரத் தெரியும்?"

"இப்ப ஒருத்தரையும் தெரியாது. நான் அங்க இல்ல."

"அப்ப எங்க ஈக்கிறீங்க?"

"நெலையா ஒரு எடமும் இல்லைங்க."

உண்மையைச் சொன்னாலே பொய் போலக் கேட்கும் வாழ்க்கை எனக்கு. அவர் தாடியைத் தடவினார். "சரி தம்பி. நாங்க பள்ளிக்குப் பெய்த்து வாறம். நீங்க உள்ளுக்கு நிண்டு செய்ங்க."

முன்பின் தெரியாதவனிடம் கடையை விட்டுப் போகிறவர் உண்டா? என்னைச் சோதிக்கிறாரா? ஏற்கெனவே காணாமல் போன எதற்காவது பழி போட ஆள் தேடுகிறாரா? கூரை மூலையில் ஒரு கமரா இருந்தது. அது ஓடுகிறதா என்று யாருக்குத் தெரியும்?

"வேணாங்க. பூட்டிட்டுப் போங்க. நீங்க வந்து முன்னால உக்காந்தாத்தான் நான் கை வைப்பேன்."

"என்னயா நம்பல்ல?"

"தெரியாதவங்கள நான் நம்புறதில்லைங்க."

மூன்று பேரும் தொங்கி ஷட்டரை இறக்கினோம். அவர்கள் போனார்கள்.

தெரு வெறிச்சோடியது. சாத்திய கடைகளுக்கு முன்னால், சுத்தியலும் சிறிய கடப்பாரையும் கிடந்த பையோடு நான் மட்டும். ஒரு முச்சக்கர வண்டி மெதுவாகக் கடந்து போய், திரும்பி வந்து, மறுபடி மெதுவாகப் போனது. இன்னும் நின்றால் பொலிஸில்தான் முடியும் என்று தோன்றியது. ஊரே பார்க்கும் இடம் அந்நேரம் பள்ளிவாசல் வாசல் ஒன்றுதான். தொழ வருபவர்கள் தர்மமாகக் கொடுக்கும் சதக்கா வாங்க வந்த ஏழைகள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் உட்காரப் போனேன்.

"புது ஆளா? கடைசிக்குப் போ" என்றாள் முன்னால் இருந்த பெண். "பையில என்ன?"

"சாமான்."

"சாமான் உள்ளவனுக்கு இங்க என்ன வேல?"

கடைசிக்குப் போனேன். தொழுகை முடிந்து வந்த ஒருவர் என் கையிலும் ஒரு நோட்டை வைத்தார். திருப்பிக் கொடுத்திருக்கலாம். காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை, கொடுக்கவில்லை.

ஹாஜியார் வெளியே வந்து என்னைக் கண்டு நின்றார். "வேல கேட்டு வந்த ஆள் இங்க என்ன செய்றீங்க?"

"கடை முன்னால நின்னா கள்ளன்னுவாங்க. இங்க உக்காந்தா பிச்சைக்காரன்தானே. அது பரவால்லைங்க."

அவர் சிரிக்கவில்லை. "வாங்க" என்றார்.

கதிரை போட்டு உட்கார்ந்து ஒன்றரை மணித்தியாலம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சேறு செங்கல் போல உடைந்து விழுந்தது. முடிந்ததும் எழுந்து, ஒரு கையால் இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். சத்தம் இல்லை.

எதிர்க்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்து, "ஆர் நானா இவன்?" என்று ஹாஜியாரிடம் அண்ணன் முறை வைத்துக் கேட்டார். அன்றைக்கு என்னிடம் ரெண்டு நிமிஷக் கணக்குக் கேட்டவர். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எனக்கும் தெரியா. எங்கள நம்பாத ஆள்" என்றார் ஹாஜியார். "பயமில்லாம வேலயக் குடுங்க."

எதிர்க்கடைக்காரர் என்னை உள்ளங்கால் முதல் உச்சி வரை பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன்.

"திங்கக்கிழம வாங்க" என்றார். "சாமான மட்டும் கொண்டு வாங்க. பேச்சு வாணாம்."